சேர்வராயன் மலையில் காட்டுமாடுகளைத் தேடி

மார்ச் 7, வெள்ளி: சேலம்

மதிய வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. அம்மாபேட்டையில் ஸ்டுடியோ ஷட்டரை இறக்கும்போது கைப்பிடியே சுட்டது. முகூர்த்த ஆல்பங்கள் எல்லாம் பிரிண்டுக்குப் போய்விட்டன, அடுத்த வாரம் வரை என்னை யாரும் தேட மாட்டார்கள். நானும் தம்பியும் அவனுடைய பழைய ஆம்னி வேனில் சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். ஊர் சுற்ற அல்ல, பலர் காட்டெருமை என்று சொல்லும் காட்டுமாடுகளைப் படமெடுக்க.

இந்த ஆசைக்குக் காரணம் குதிரைகள். ஆப்பிரிக்காவின் நமீபியாவில், நமீப் பாலைவனத்தின் ஓரத்தில், காரூப் என்ற இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் காட்டுக்குதிரைகள் வாழ்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் படைகளிடமிருந்து பிரிந்துபோன குதிரைகளின் வாரிசுகள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அவற்றைப் படமெடுப்பவர்கள் பலர் குதிரையைச் சின்னதாகவும் வெளியைப் பெரிதாகவும் வைக்கிறார்கள். அது எந்த மண்ணில் நிற்கிறது, எதைத் தின்று பிழைக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். எங்கள் மலையில் அப்படி மந்தையாகத் திரிகிற பெரிய விலங்கு காட்டுமாடுதான். ஆனால் நான் பார்த்த காட்டுமாட்டுப் படங்களில் முகமும் கொம்பும் மட்டும்தான் இருக்கும். முதுமலையா, ஏற்காடா என்று சொல்லவே முடியாது. இந்த மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எனக்கு வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் வண்டியை நிறுத்தி இரண்டு கிலோ ஜவ்வரிசி வாங்கினேன். கார் ஜன்னலில் பெரிய லென்ஸை வைத்துப் படமெடுக்க ஒரு மூட்டை வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு அதில் அடைக்க ஜவ்வரிசியைவிட நல்ல பொருள் கிடையாது. லென்ஸின் எடைக்கு மணிகள் நகர்ந்து இடம் கொடுக்கும், பிறகு அசையாது. கடைக்கார அண்ணன், “பாயசத்துக்குங்களா, வடாமுக்குங்களா?” என்றார். கேமராவுக்கு என்றதும் யோசித்துவிட்டு, “அப்ப நைலான் ஜவ்வரிசி எடுத்துக்கோங்க. மாவு ஜவ்வரிசி பொடிஞ்சு துணி வழியா வெளிய வந்துரும்” என்று மாற்றிக் கொடுத்தார். கேமராவைப் பற்றித் தெரியாதவர், தன் சரக்கை வைத்தே சரியான பதிலைச் சொல்லிவிட்டார். இரண்டு கிலோ 140 ரூபாய்.

மலை ஏறுவதற்கு முன் தட்டுவடை செட். அது இல்லாமல் சேலத்தை விட்டு எப்படிக் கிளம்புவது? தட்டில் சின்னத் தட்டுவடைகளைப் பரப்பி, ஒரு சொட்டுக் காரச் சட்னி, ஒரு சொட்டுப் புதினாச் சட்னி, மேலே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன்மேல் இன்னொரு தட்டுவடை. வாயில் போட்டதும் முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் பீட்ரூட்டின் குளிர்ச்சி, கடைசியில் பூண்டுக் காரம். செட் 30 ரூபாய். தம்பி இரண்டு செட் சாப்பிட்டான்.

அடிவாரத்தில் சருகெல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு சரிவு முழுக்கக் கறுத்திருந்தது, தீ பிடித்து அதிக நாள் ஆகியிருக்காது. கீழே இப்படி எரிந்து, ஊற்றும் வற்றினால் மாடுகள் ஈரம் தேடிக் காபித் தோட்டங்களுக்கு ஏறிவிடும் என்று கேள்விப்பட்டுத்தான் மார்ச்சில் வந்திருக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது ஜன்னல் காற்று மாறியிருந்தது. அறை வாடகை 1,800 ரூபாய். சனி, ஞாயிறு மட்டும் 2,500.

மார்ச் 8, சனி: நாகலூர்ச் சாலை

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். டீக்கடையில் டீ 15 ரூபாய். கடைக்காரர் என் பையைப் பார்த்ததும், “மாடு பாக்கவா? நேத்து ராத்திரி எங்க சந்துல மூணு நின்னுச்சுங்க. மெதுவா போங்க, திருப்பத்துல ஆரன் அடிக்காதீங்க” என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல்தான் இந்த ஊரில் மாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நாகலூர்ச் சாலையில் ஒரு திருப்பத்தில் தம்பி பிரேக்கை அழுத்தினான். ரோட்டோரத்தில் தனிக் காளை. வளர்ந்த காளை ஒரு டன் எடைகூட வரும் என்று படித்திருக்கிறேன், படித்ததும் பார்ப்பதும் ஒன்றாக இல்லை. ஆம்னியின் கூரையைவிடத் திமில் கொஞ்சம்தான் தாழ்வு. தோள்பட்டையிலிருந்து முதுகின் பாதி வரை எழும்பி, சட்டென்று இறங்கும் அந்த மேடுதான் அதற்குத் தனி உருவம் தருகிறது. உடம்பு முழுக்கக் கறுப்பு, எண்ணெய் தடவிய பளபளப்பு. முழங்காலுக்குக் கீழே அழுக்கு வெள்ளை. கொம்பின் அடி வெளிர்மஞ்சள், நுனி கறுப்பு. எதிரே வந்த பால்காரர் டிவிஎஸ் 50-ஐ நிறுத்தி இன்ஜினையும் அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றார். அவருக்குப் பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்பும் நின்றது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

காளை மெதுவாகத் திரும்பி, தன் முழு நீளமும் தெரிய எங்களுக்குக் குறுக்காக நின்றது. படத்துக்கு நிற்பது மாதிரியே இருந்தது. கண்ணாடியை முழுக்க இறக்கப் போனேன். பால்காரர் உள்ளங்கையை மட்டும் கீழே அழுத்திக் காட்டினார், வேண்டாம் என்று. அது போன பிறகு பக்கத்தில் வந்து சொன்னார்: “பக்கவாட்டுல நின்னா, நான் எவ்ளோ பெரிசு பாத்துக்கோன்னு அர்த்தங்க. அப்ப நாம அசையக் கூடாது. மூக்குல சீறுச்சுன்னா மெதுவா ரிவர்ஸ் எடுக்கணும்.” காளைகள் ஒன்றையொன்று மிரட்டும்போதும் இப்படித்தான் பக்கவாட்டில் நின்று உடம்பைக் காட்டும். அவருக்கு அது தினமும் இரண்டு வேளை பால் ஊற்றப் போகும் வழியில் கிடைத்த அறிவு. பாலுக்கு நேரமாகிறதே என்று கேட்டேன். “மாட்டுக்கு நின்னேன்னா வீட்டுல எல்லாரும் ஒத்துக்குவாங்க” என்றார்.

படங்களைப் பார்த்தால் எதுவும் தேறவில்லை. கறுப்பு உடம்பு பிரேமை அடைத்துக்கொண்டால் கேமரா இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடுகிறது. கறுப்பு சாம்பலாகிவிடும், கால் வெள்ளை வெளுத்துப் போய்விடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தால், அதாவது ஒளியைப் பாதியாக்கினால், கறுப்பு கறுப்பாக வரும். ஆனால் பின்னால் காபிச் செடிக்கு அடியிலுள்ள நிழலில் விலங்கின் விளிம்பு கரைந்துபோகும். பாலைவனத்தில் குதிரைக்குப் பின்னால் மணலும் வானமும் இருக்கும். இங்கே மாட்டுக்குப் பின்னால் காபி, அதற்கு மேல் மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக், எல்லாம் கரும்பச்சை. பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒளி வந்து முதுகில் ஒரு கோடு விழுந்தால்தான் உண்டு.

சாயங்காலம் மஞ்சக்குட்டைப் பக்கம் போனோம். குளம்படியும் சாணமும்தான் கிடைத்தன.

மார்ச் 9, ஞாயிறு: சேர்வராயன் கோயில், ஏரி

சூரியன் எழும்போது சேர்வராயன் கோயில் மேட்டில் இருந்தோம். 5,326 அடி. இந்த மலையில் வெட்டவெளி என்றால் இதுதான். உச்சி தட்டையாக, செம்மண்ணும் பாறையும் குட்டைப் புல்லுமாகக் கிடக்கிறது. பாக்சைட் மண். இங்கே ஒரு மந்தை நின்றால் வானத்தின் எதிரே முழு உருவமும் கிடைக்கும். புல்லில் பனி கலைந்த தடம் தெரிந்தது, சாணத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பிப் போயிருக்கின்றன. மனசு கனத்துவிட்டது. குகைக்குள் குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

வண்டியருகே சத்தம். ஜன்னலில் வைத்திருந்த மூட்டையைக் குரங்கு இழுத்துப் பல்லால் கிழித்துவிட்டது. நைலான் ஜவ்வரிசி முழுக்க செம்மண்ணில். ஒரு தாய்க் குரங்கு உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தது. அதன் குட்டிக்கு ஒரு மணிகூடக் கொடுக்கவில்லை. தம்பி கையால் அள்ளப் போய், அது பல்லைக் காட்டியதும் விட்டுவிட்டான். கிழிந்த பையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

மதியம் ஏரிப் பக்கம் வாகன நெரிசல். மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு 40 ரூபாய், எண்ணெய் நன்றாக இருந்தது. நான்கு மணிபோல் ஊருக்கு வெளியே ஒரு வளைவில் கார்கள் வரிசையாக நின்றன. தனிக் காளை ஒன்று வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு குடும்பம் குழந்தையை முன்னால் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தது. நான்கு பையன்கள் பத்தடியில் செல்ஃபி. பின்னால் வந்த வேன்காரர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தார். காளை பக்கவாட்டில் நின்றது, தலையைத் தாழ்த்தியது, மூச்சை ஊதியது. நேற்று அந்தப் பால்காரர் சொன்ன ஒவ்வொன்றையும் அது செய்தது, அங்கே யாருக்கும் அது புரியவில்லை. எனக்குக் கை நடுங்கியது, பயமும் கோபமும் சேர்ந்து.

தோட்டக் காவலர் ஒருவர் ஓடிவந்து, “குழந்தைய தூக்குங்கம்மா! வேலியத் தொறக்கறேன், வழி விடுங்க!” என்று கத்தினார். கேட்டைத் திறந்ததும் காளை ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டது. அவ்வளவு பெரிய உடம்பு காபிச் செடிகளுக்குள் நுழைந்து மறைய இரண்டு விநாடிதான் ஆனது. காவலர் அதற்குள் நசுங்கிய இளங்கன்றுகளைப் பார்த்து நின்றார். நட்டு ஒரு வருஷம்கூட ஆகாத செடிகள்.

என் கேமரா பைக்குள்ளேயே இருந்தது. கையகல லென்ஸோடு ஒரு ஆள் ரோட்டில் நின்றால், என்னமோ இருக்கிறது என்று பின்னால் வரும் ஒவ்வொரு காரும் நிற்கும்.  ரோட்டில் நின்று இனி எடுப்பதில்லை என்று தம்பியிடம் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்: ஒரு காபித் தோட்டம்

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படமெடுத்தேன். அவரிடம் போன் செய்து கேட்டதும் மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். மூன்று நிபந்தனை: தனியாக நடக்கக் கூடாது, பிளாஷ் கூடாது, டிரோன் கூடாது. ஞாயமான நிபந்தனைகள். காட்டுமாடு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. யானைக்கும் புலிக்கும் என்ன பாதுகாப்போ அதுவேதான் இதற்கும்.

கூட நடக்க ஒரு பெரியம்மாவை அனுப்பினார்கள். அறுபது வயதிருக்கும், பக்கத்து மலைக் கிராமம், சின்ன வயதிலிருந்து இந்தத் தோட்டத்தில் வேலை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து காடு பாதி, தோட்டம் பாதியாக ஆகிப்போன மலை. அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்து பழகியவர் பெரியம்மா. காபிப் பறிப்பு முடிந்து இப்போது மிளகுப் பறிப்பு. ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஏறுகிறார்கள். ஏணியில் படி கிடையாது, கணுவில் விட்ட கிளைக் குச்சிதான் படி.

ஒவ்வொரு வரிசையிலும் நுழைவதற்கு முன் பெரியம்மா சத்தமாகப் பேச ஆரம்பிப்பார். யாரிடம் என்று முதலில் புரியவில்லை. “வரோம் சாமி, நாங்கதான்!” என்று மாட்டுக்குத்தான் சொல்கிறார். “திடுக்குனு பாத்தாதான் கண்ணு முட்டும். ஆளு வருதுன்னு தெரிஞ்சா அது பாட்டுக்குப் போயிரும்.” சாமி என்றாலும் நஷ்டத்தை மறைக்கவில்லை. முதுகு தேய்த்து மிளகுக் கொடியைப் பிய்த்துப் போடும், தண்ணீர் பைப்பை மிதித்து உடைக்கும். அவருடைய பேத்தி ஸ்கூல் பஸ்ஸுக்கு இருட்டில் தனியாகப் போக முடியாது, தினமும் யாராவது டார்ச்சோடு கூடப் போக வேண்டும். வேலை நேரத்தையே நாலரைக்கு முடித்துக்கொள்கிறார்கள், அதற்குப் பிறகு தோட்டம் மாட்டினுடையது.

அவரிடம் ஒரு பசு இருக்கிறது. கோமாரி ஊசி தவறாமல் போட்டுவிடுவாராம். அது தன் பசுவுக்காக மட்டும் என்று நினைத்திருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: காட்டெருமை என்று பேப்பரில் போட்டாலும் இதற்கு எருமையைவிட நம் வீட்டு மாடுதான் நெருங்கிய சொந்தம், அதனால் நம் மாட்டு நோய் இதற்கும் தொற்றும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் வெக்கை நோய் பரவிக் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்த நோய் 2011-இல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது. கோமாரி இன்னும் இருக்கிறது. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, “அப்ப எங்க ஊர்ல ஊசி போடாதவன் வீட்டுக்கு நாளைக்கே போறேன்” என்றார்.

கிழிந்த பையைப் பார்த்துவிட்டு, களத்துக்குக் கூட்டிப்போய் ஊசி நூல் எடுத்துத் தைத்தார். உள்ளே அடைக்கக் காய்ந்த காபித் தோல். ஜவ்வரிசி அளவுக்குக் கனமில்லை, அமுக்கினால் கொஞ்சம் எகிறும். ஆனால் வேலைக்கு ஆகும். லென்ஸில் முகம் வைக்கும்போதெல்லாம் புளித்த பழ வாசனை.

அஞ்சரைக்கு மேல், களத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து முதல் மந்தையைப் பார்த்தேன். முன்னால் ஒரு வயதான பசு, கொம்பில் ஒன்று நுனி உடைந்தது. அது நின்று காற்றை முகர்ந்து காதைத் திருப்பி, பிறகு ஒரு அடி வைத்தது. அதன் பின்னாலேயே மற்றவை. வெளிர்பழுப்பில் ஒரு கன்று, தாயின் வயிற்றுக்கடியில். தண்ணீர் பாய்ச்சிய பிளாக்கில் புல் பச்சையாக இருந்தது, அங்கேதான் இறங்கின. புல்லைப் பிடுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. படமெடுக்கும் வெளிச்சம் வருவதற்குள் மேகம் கூடிக் கோடை மழை அடித்துவிட்டது. கேமராவை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஓடினோம்.

கரண்டும் போனது. பெரியம்மா வீட்டிலேயே சாப்பாடு: கேழ்வரகுக் களி, அவரைக் கொட்டைக் குழம்பு, நடுவில் குழி பண்ணி ஊற்றிக்கொடுத்தார். பணத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. “வூட்டுக்கு வந்த புள்ளைங்ககிட்ட வாங்குவாங்களா?” உள்ளே வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்: அதே தோட்டம், குப்பனூர் வழி

மழை கழுவிய காலை. பத்து நாள் முன்னால் ஸ்பிரிங்க்ளர் போட்டிருந்த மேல் பிளாக்கில் காபி பூத்திருந்தது. கிளை முழுக்கக் கணுவுக்குக் கணு வெள்ளை, மல்லிகை வாசனை. மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும் பூ. இப்போது மாட்டுக்குப் பின்னால் கரும்பச்சை இல்லை, வெள்ளை இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது.

சுவர்மேல் பையை வைத்து, மந்தை சின்னதாகத் தெரிகிற மாதிரி, ஜூம் லென்ஸை 400 எம்எம்முக்குப் போகாமல் 150-லேயே வைத்துக்கொண்டேன். ஆறரைக்கு மந்தை காட்டோரத்துக்குத் திரும்பியது. நுனிக்கொம்பு உடைந்த பசு பூத்த வரிசையிலிருந்து வெளியே வந்து தோட்டப் பாதையைக் கடந்தது. பின்னால் ஒன்றொன்றாக மற்றவை. கிழக்கேயிருந்து வந்த வெளிச்சம் ஒவ்வொரு முதுகின் மேட்டிலும் கோடு போட்டது, தோலிலிருந்து ஆவி எழுந்தது. அதே பாதையில், இந்தப் பக்கம், வேலைக்கு வந்த பெண்கள் நான்கு பேர் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுவிட்டார்கள். அவர்களில் பெரியம்மாவும் ஒருவர். முப்பது நாற்பது அடி இடைவெளி இருக்கும். கன்று மட்டும் நடுப்பாதையில் நின்று அவர்களைப் பார்த்தது. ஒரு பெண் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். தாய் திரும்பி வந்து கன்றை மூக்கால் தள்ளியது, போய்விட்டன. பெண்களும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்து நடந்தார்கள்.

படத்தில் மந்தை சின்னதாக இருக்கிறது. சில்வர் ஓக்குகள் உயரமாக, மிளகுக் கொடி, சாய்ந்த மூங்கில் ஏணி, காபிப் பூ, தூக்குப் போசிகளோடு முதுகு காட்டி நிற்கும் நான்கு பெண்கள், நடுவில் கன்று. நான் கேட்ட மலை இதில் இருக்கிறது. மனிதர்களை ஒதுக்கிவிட்டு எடுத்திருந்தால் இது வேறு ஏதோ காடு.

பெரியம்மாவிடம் ஸ்கிரீனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஏணிய எடுத்து வெக்காமப் போயிருக்கானுங்க பாரு, ராத்திரி மழை பூரா நனைஞ்சிருக்கு” என்றார். அப்புறம், “எம் மொகம் தெரியலியே?” என்று கேட்டார். களத்தில் நிற்கவைத்து இன்னொன்று எடுத்தேன், சிரிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு.

ரைட்டரிடம் ஒரு கிலோ மிளகு 700 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கினோம். எஸ்டேட் பெயரையும் பாதையையும் இங்கே எழுதவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கார் வரிசை அங்கே வரக் கூடாது. போக விரும்புகிறவர்கள் எந்தத் தோட்டமானாலும் முதலில் மேனேஜரிடம் கேளுங்கள், அங்கே வேலை செய்பவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள்.

அயோத்தியாப்பட்டணம் வந்தபோது மறுபடி வெயில். மந்தைப் படத்தை மேட் தாளில் 12க்கு 18 போடப் போகிறேன், ஒன்று ஸ்டுடியோ சுவருக்கு, ஒன்று எஸ்டேட் ஆபீசுக்கு. பெரியம்மாவின் படம் 8க்கு 12, லேமினேஷனோடு. ரைட்டர் வியாழக்கிழமை சேலம் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம்.